குடும்ப வன்முறைக் கொலைகளை போலீஸ் எப்படி எண்ணுகிறது? என்.சி.ஆர்.பி. அட்டவணைகளில் காணாமல் போகும் உறவு

தரவுத்தேடி:

போன ஆண்டு தமிழ்நாட்டில் கணவன் கையாலோ, பிரிந்து போன கணவன் கையாலோ, காதலன் கையாலோ எத்தனை பெண்கள் கொல்லப்பட்டார்கள்? இந்தக் கேள்விக்கு அரசு வெளியிடும் புள்ளிவிவரத்தில் பதில் தேடிப் பாருங்கள். கிடைக்காது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், அதாவது என்.சி.ஆர்.பி., ஆண்டுதோறும் போடும் குற்ற அறிக்கையின் 2022 பதிப்பில் நாடு முழுவதும் 28,522 கொலை வழக்குகள். செத்தவர் ஆணா பெண்ணா, என்ன வயது என்று ஓர் அட்டவணை இருக்கிறது. எதற்காகக் கொலை நடந்தது என்று இன்னொன்று: தகராறு 9,962, முன்விரோதம் 3,761, ஆதாயத்துக்காக 1,884 என்று போகிறது. குடும்பத் தகராறு, காதல் விவகாரம், தகாத உறவு, வரதட்சணை எல்லாவற்றுக்கும் தனி வரி உண்டு. கொன்றவர் செத்தவருக்கு என்ன உறவு என்பதற்குத்தான் அட்டவணை இல்லை.

இவ்வளவுக்கும் அதே அறிக்கையில் பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கு அப்படி ஓர் அட்டவணை ஒழுங்காக இருக்கிறது. குடும்பத்தார், அக்கம்பக்கத்தார், நண்பர், பிரிந்த கணவர், முன்பின் தெரியாதவர் என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். அங்கே முடிகிறதென்றால் கொலைக்கு ஏன் முடியாது? "மனைவியைக் கொன்ற கணவர்" என்று எஃப்.ஐ.ஆரிலேயே எழுதித்தான் கோர்ட்டுக்கு அனுப்புகிறார்கள். ஸ்டேஷனில் இருக்கும் அந்த விவரம் மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும், அங்கிருந்து சென்னைக்கும் டெல்லிக்கும் போகும் வழியில் உதிர்ந்துவிடுகிறது.

"வரதட்சணை மரணம் என்று தனியாக எண்ணுகிறார்களே" என்பீர்கள். எண்ணுகிறார்கள். 2022-இல் 6,450. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 2,138, பீகாரில் 1,057. தமிழ்நாட்டின் எண் அண்மை ஆண்டுகளில் மூன்று இலக்கத்தைத் தொட்டதில்லை. அதை வைத்து நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். இப்போது அதே காப்பகம் தனியாக வெளியிடும் தற்கொலை அறிக்கையை எடுங்கள். 2021-இல் தற்கொலை செய்துகொண்ட இல்லத்தரசிகள் நாடு முழுக்க 23 ஆயிரத்துக்கும் மேல். மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 3,221 பேர்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019–21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29 சதவீதம். ஆக, அடி அதிகம், தற்கொலை அதிகம், வரதட்சணை மரணம் மட்டும் மிகக் குறைவு. இந்த மூன்றும் எப்படி ஒரே மாநிலத்தில் ஒத்துப்போகும்? துறை தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள்.

நெறியாளர்:

தலைப்பு கனமானது. இழை முழுக்க மேலே ஒட்டி வைக்கிறேன்: பெண்கள் உதவி எண் 181. மன உளைச்சலில் இருப்பவர்கள் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். எந்த வழக்கிலும் செத்தவர் பெயரோ ஊரோ போடாதீர்கள். எப்படி இறந்தார் என்ற விவரணையும் வேண்டாம்.

வைகைக்கரை வக்கீல்:

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். வரதட்சணை மரணம் என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304பி, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 80-வது பிரிவு. 1986-இல் வந்தது. அதன் கீழ் ஒரு மரணம் வர வேண்டுமென்றால் கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்திருக்க வேண்டும், இயல்பான சாவாக இருக்கக் கூடாது, சாவுக்குச் சற்று முன்பு கொடுமை நடந்திருக்க வேண்டும், அந்தக் கொடுமை வரதட்சணை கேட்டு நடந்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பிரிவு பொருந்தாது. அந்தச் "சற்று முன்பு" என்பதை "சாவுக்கு முந்தின கணம்" என்று குறுக்கிப் படிக்கக் கூடாது, கொடுமைக்கும் சாவுக்கும் உயிருள்ள தொடர்பு இருந்தால் போதும் என்று 2021-இல் சத்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதற்குள் எத்தனையோ விடுதலைகள் நடந்து முடிந்துவிட்டன.

இப்போது யோசியுங்கள். எட்டாவது வருஷத்தில் செத்த பெண் இந்தக் கணக்கில் இல்லை. சந்தேகத்தால் அடித்துக் கொன்றால் இல்லை. குடித்துவிட்டு வந்து கொன்றால் இல்லை. தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தவள் இல்லை. விவாகரத்து கேட்டு அம்மா வீட்டுக்குப் போனவளைத் தெருவில் வைத்து வெட்டினால், அது வெறும் கொலை, காரணம் "குடும்பத் தகராறு".

இன்னொரு சங்கதி, பத்திரிகைக்காரர்களே பெரும்பாலும் கவனிக்காதது. ஒரு எஃப்.ஐ.ஆரில் பல பிரிவுகள் இருந்தால், அவற்றில் கடுமையான குற்றம் எதுவோ அதை மட்டும்தான் என்.சி.ஆர்.பி. எண்ணும். "முதன்மைக் குற்ற விதி" என்று அறிக்கையின் முன்பகுதியிலேயே போட்டிருக்கிறார்கள். கணவன் கொடுமைக்கான 498ஏ-வும் கொலைக்கான 302-உம் சேர்ந்து போட்ட வழக்கு, கொலைத் தலைப்பில் ஒன்றாகப் போய்விடும். அந்தக் கொலைக்குப் பின்னால் இருந்த 498ஏ அட்டவணையில் மறைந்துவிடும். கொலை என்ற தலைப்பில் உறவைச் சொல்லும் கட்டமும் இல்லாததால், குடும்ப வன்முறையின் தடயம் மொத்தமாக அழிகிறது.

பழைய ரைட்டர்:

தென் மாவட்டங்களில் பல வருஷம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தரவுத்தேடி கேட்ட "எப்படி ஒத்துப்போகும்" என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஏனென்றால் அந்த எஃப்.ஐ.ஆர்.களை எழுதிய கை இது.

ஜி.எச்.-இலிருந்து இன்டிமேஷன் வரும். ஏட்டு போவார். பெண் இறந்திருந்தால், உடன் வந்தவர் யாரோ அவரிடம்தான் புகார் வாங்குவோம். பெரும்பாலும் அது கணவன், இல்லையென்றால் மாமனார். "என் மனைவி கொஞ்ச காலமாகத் தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தார். வலி தாங்காமல் மனமுடைந்து..." இந்த வாக்கியம் எல்லா ஸ்டேஷனிலும் மனப்பாடம். பெண்ணைப் பெற்றவர்கள் வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் 174, அதாவது இயற்கைக்கு மாறான சாவை விசாரிக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு, போட்டாகிவிடும். இப்போது புதுச் சட்டத்தில் அது 194. "சந்தேக மரணம்" என்று பேப்பரில் வருவது இதுதான்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் என்றால் உடனே ஆர்.டி.ஓ.வுக்கு, அதாவது வருவாய்க் கோட்டாட்சியருக்கு, தகவல் போக வேண்டும். அவர் வந்து விசாரித்துத்தான் பிரேத பரிசோதனை. அப்பா அம்மா வாயைத் திறப்பது அங்கேதான். அதிலும் ஒன்று சொல்ல வேண்டும்: பிணவறை வாசலில் நிற்கும் அப்பா, பேரப்பிள்ளை யாரிடம் வளரும், இன்னொரு மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்பவர். ஊர்ப் பெரியவர்கள் இரு தரப்பையும் கூட்டிப் பேசி முடித்திருப்பார்கள். ஆர்.டி.ஓ. கேட்பது முக்கியமாக ஒன்றே ஒன்று: வரதட்சணை கேட்டார்களா? "இல்லைங்க, குடிச்சிட்டு அடிப்பான்" என்று அப்பா சொன்னால், ரிப்போர்ட்டில் "வரதட்சணைக் கொடுமை இல்லை" என்று வரும். அடித்தான் என்ற பாதி எங்கேயும் ஏறாது.

ஏழு வருஷம் தாண்டியிருந்தால் ஆர்.டி.ஓ.வும் பெரும்பாலும் கிடையாது. எஸ்.ஐ.யோ இன்ஸ்பெக்டரோ பிரேத விசாரணை முடித்துவிடுவார். உள்ளுறுப்பு ரிப்போர்ட் தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து வர மாதக்கணக்காகும். வந்ததும் "மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது". அந்தக் கட்டு பரணுக்குப் போகும்.

அப்புறம் மாதாந்திர ஸ்டேட்மென்ட். தற்கொலைக்குக் காரணம் என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். எஃப்.ஐ.ஆரில் வயிற்று வலி என்று இருப்பதால் "நோய்" என்று போடுவோம். அவ்வளவுதான் சார். அவள் உடம்பில் என்ன காயம் இருந்தது என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

தரவுத்தேடி:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி 2022 தற்கொலை அறிக்கையைத் திறந்தேன். மொத்தம் 1,70,924 பேர். காரணங்களில் குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம், திருமணம் சார்ந்தவை 4.8 சதவீதம். குடும்பப் பிரச்சினை என்ற அந்த ஒரு பெரிய மூட்டைக்குள் சொத்துச் சண்டையும் இருக்கும், தினமும் அடிவாங்கிய பெண்ணும் இருப்பாள். குடும்ப வன்முறை என்று தனி வரி இல்லை. அந்த ஆண்டு தற்கொலை செய்துகொண்ட பெண்கள் 48,172 பேரில் 25,309 பேர் இல்லத்தரசிகள். பாதிக்கும் மேல். இத்தனை பேருக்கு எந்தப் பொதுக் காரணமும் இல்லை என்பது போலத்தான் அட்டவணை நடந்துகொள்கிறது.

நியாயம்_வேண்டும்:

நீங்கள் எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். 498ஏ தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று உச்ச நீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது. மனைவியும் காதலனும் சேர்ந்து கணவனைக் கொன்ற செய்தி வாரம் ஒன்று வருகிறது. அதை யார் எண்ணுகிறார்கள்? ஒவ்வொரு பெண்ணின் தற்கொலையையும் கொலை என்று எழுதினால் அப்பாவிக் குடும்பங்கள் ஜெயிலுக்குப் போகும்.

தரவுத்தேடி:

நண்பரே, நீங்கள் கேட்பதும் நான் கேட்பதும் ஒன்றுதான். கொன்றவர் செத்தவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் வைத்தால், மனைவி கணவனைக் கொன்றதும் அதே கட்டத்தில் விழும். அப்போது வாரம் ஒன்றா, மாதம் ஒன்றா என்று உங்களாலும் சொல்ல முடியும். இப்போது உங்களிடம் இருப்பது டிவிச் செய்தி மட்டும். என்னிடம் இருப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

தற்கொலை விஷயத்தில் நான் யாரையும் கைது செய்யச் சொல்லவில்லை. எண்ணுவது வேறு, குற்றம் சாட்டுவது வேறு. ஒரு பெண் இறந்தபோது அவளுக்கு முன்பு குடும்ப வன்முறை நடந்ததா என்று பதிவதால் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. அதைப் பதியாமல் விடுவதால்தான் அடுத்த பெண் ஸ்டேஷனுக்கு வரும்போது அவளுடைய ஆபத்து என்ன அளவு என்று யாருக்கும் தெரிவதில்லை.

இரவுப்பணி நர்ஸ்:

அரசு மருத்துவமனை ஒன்றில் தீக்காயப் பிரிவில் வேலை பார்த்தவள். ரைட்டர் ஐயா சொன்ன எழுத்துக்கு முன்னால் இன்னொரு எழுத்து இருக்கிறது. அது எங்கள் பக்கம் நடப்பது: ஏ.ஆர். காப்பி.

கேஷுவால்டிக்கு வந்ததும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதப்படும். எப்படி நடந்தது என்று நோயாளி சொல்வதை டியூட்டி டாக்டர் எழுதுவார். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? கணவனும் மாமியாரும். "சமைக்கும்போது சேலையில் தீப்பிடித்துவிட்டது" என்று அவர்கள் சொல்ல, அவள் தலையாட்டுவாள். அந்த வரிதான் கடைசிவரை கூடவே வரும். இரண்டு நாள் கழித்து அம்மாவைப் பார்த்ததும் அவள் வேறு சொல்வாள். மாஜிஸ்ட்ரேட் வந்து மரண வாக்குமூலம் வாங்குவார். அதில் இரண்டாவது கதை இருக்கும். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, ஏன் முதலில் விபத்து என்று சொன்னாள் என்பது. பிள்ளைகள் அந்த வீட்டில்தானே இருக்கின்றன, வேறென்ன சொல்வாள்?

2009-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2001-ஆம் ஆண்டில் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000-க்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். போலீஸ் பதிவில் இருந்ததைப் போல ஆறு மடங்கு. அதில் ஏறக்குறைய 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 34 வயதுக்குள். எல்லாமே கொலை என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அடுப்படி விபத்துக்கு ஏன் இளம் மருமகள்களை மட்டும் அவ்வளவு பிடிக்கிறது என்று வார்டில் நின்ற யாரும் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

இப்போது கேஸ் அடுப்பு பரவிவிட்டது, அந்த வார்டுக்கு வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். அடி குறைந்ததா என்பது வேறு கேள்வி.

வைகைக்கரை வக்கீல்:

அக்கா சொன்ன இரண்டு வாக்குமூலப் பிரச்சினை எங்கள் தொழிலில் அன்றாடம். ஒன்றுக்கு மேற்பட்ட மரண வாக்குமூலம் முரண்பட்டால் கோர்ட் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை போட வேண்டும், முதல் வாக்குமூலம் விபத்து என்றதாலேயே அடுத்ததைத் தள்ளிவிட முடியாது. நடைமுறையில் சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, போய்விடுகிறது.

தேம்ஸ்கரை:

இங்கிலாந்தில் சமூகப் பணியில் இருக்கிறேன். இங்கே எப்படி என்று சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கேயும் தானாக நடக்கவில்லை.

2012 ஜனவரியில் முதல் மூன்று நாளில் எட்டுப் பெண்கள் ஆண்களால் கொல்லப்பட்டார்கள். கேரன் இங்கலா ஸ்மித் என்ற பெண் செய்தித்தாள்களைப் பார்த்து ஒவ்வொருவர் பெயராகக் குறித்துவைக்க ஆரம்பித்தார். அரசாங்கம் எண்ணாததைத் தனியாள் எண்ணினார். பிறகு அது பெண்கொலைக் கணக்கெடுப்பாக வளர்ந்தது. போலீஸ் படைகளிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுச் சரிபார்த்தார்கள். 2009 முதல் 2018 வரை பத்து ஆண்டில் 1,425 பெண்கள். மூன்று நாளுக்கு ஒருவர். அதில் 62 சதவீதம் பேரைக் கொன்றது இப்போதைய அல்லது முன்னாள் துணை.

இன்னொரு பக்கம், 2004-இல் வந்த குடும்ப வன்முறை, குற்றம், பாதிக்கப்பட்டோர் சட்டத்தின் 9-வது பிரிவு 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குடும்ப வன்முறையில் 16 வயது நிரம்பிய யார் கொல்லப்பட்டாலும் ஒரு மறுஆய்வு நடத்தியாக வேண்டும். போலீஸ், டாக்டர், பள்ளிக்கூடம், வீட்டுவசதித் துறை எல்லோரும் தங்கள் பதிவுகளைக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். குற்றவாளி யார் என்பது கோர்ட் வேலை. மறுஆய்வு கேட்பது, இந்தப் பெண் எத்தனை கதவைத் தட்டினாள், எந்தக் கதவு திறக்கவில்லை என்று. பெயரை மாற்றி அறிக்கையை வெளியிடுகிறார்கள். தற்கொலையிலும் வன்முறைப் பின்னணி இருந்தால் மறுஆய்வு செய்ய வேண்டும் என்று 2016 வழிகாட்டுதல் சொல்கிறது.

இங்கே போலீசே நடத்தும் ஒரு திட்டம் 2020 முதல் இந்த மரணங்களை எண்ணுகிறது. 2023 மார்ச்சில் முடிந்த ஆண்டில் துணையால் கொல்லப்பட்டவர்கள் 80 பேர். குடும்ப வன்முறைக்குப் பிறகு தற்கொலை செய்துகொண்டதாகக் கருதப்படுபவர்கள் 93 பேர். தற்கொலை கொலையைத் தாண்டியது அப்போதுதான் கண்ணில் பட்டது. எண்ணத் தொடங்கியதால் பட்டது.

கொங்குமண்:

அமெரிக்காவில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். அங்கேயும் ஓட்டை. எஃப்.பி.ஐ.யின் பழைய கொலைப் படிவத்தில் உறவு என்ற கட்டம் பல பத்தாண்டுகளாக உண்டு. கணவன், மனைவி, முன்னாள் கணவன், முன்னாள் மனைவி, காதலன், காதலி எல்லாம் இருந்தது. முன்னாள் காதலன் என்ற வகை இல்லை! பிரிந்துபோகும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம் என்று ஊருக்கே தெரியும். அந்தக் கொலைகள் "தெரிந்தவர்" என்ற வகைக்குள் போய்விட வாய்ப்பு இருந்தது.

2021-இல் எஃப்.பி.ஐ. புதிய பதிவு முறைக்கு முழுதாக மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசே அந்த ஆண்டின் விவரத்தைக் கொடுக்கவில்லை. போலீஸ் தருவதை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையம் வேறொரு பதிவை நடத்துகிறது. இறப்புச் சான்றிதழ், பிரேத பரிசோதனை, போலீஸ் ரிப்போர்ட் மூன்றையும் ஒரே மரணத்துக்குக் கோத்து வைக்கிறார்கள். 2018-இல்தான் 50 மாநிலமும் அதில் சேர்ந்தன. நம் ஊரில் இந்த மூன்றும் மூன்று அலுவலகத்தில் மூன்று பரணில் இருக்கின்றன.

நல்லூர்வாசி:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே சந்தேக மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். உங்கள் ஆர்.டி.ஓ. போல வருவாய்த்துறை ஆள் இல்லை, சாவை விசாரிப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர். கல்யாணம் எத்தனை வருசம் என்ற கணக்கும் கிடையாது. அது ஒரு நல்ல விசயம்.

ஆனால் எண்ணும் விசயத்தில் நிலைமை உங்களைப் போலத்தான். 2005-இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2019-இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவர்களால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று தெரிந்தது. பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தால், "பிள்ளைகள் இருக்கினம்தானே, சமாதானமாகப் போங்கோ" என்று திருப்பி அனுப்புவது இங்கேயும் வழமை. பிறகு அந்தப் பெண் செத்தால், முன்பு கொடுத்த முறைப்பாட்டையும் மரணத்தையும் யார் சேர்த்துப் பார்க்கிறார்கள்?

பழைய ரைட்டர்:

யாழ்ப்பாணத்து நண்பர் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். உறவுக் கட்டம் முக்கியம்தான். ஆனால் என் மனசுக்கு அதைவிட முக்கியம் இந்த முன்புகார்.

மகளிர் ஸ்டேஷன் எதற்கு வந்தது? 1992-இல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோது, பெண் தயங்காமல் வந்து சொல்ல ஓர் இடம் என்றார்கள். வந்து சொன்னாள். நாம் என்ன செய்தோம்? சி.எஸ்.ஆர். போட்டோம். மனு ரசீதைக் கையில் கொடுத்து, கணவனைக் கூப்பிட்டு, "இனி அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி, "சமரசம்" என்று முடித்தோம். எஃப்.ஐ.ஆர். இல்லை என்பதால் அது குற்றக் கணக்கில் வராது. ஒரே பெண் இரண்டு மூன்று முறை வந்திருப்பாள். ஒவ்வொரு முறையும் புது நம்பர், புது ரசீது.

பிறகு அவள் செத்தால், 174 போடுவது சட்டம்-ஒழுங்கு ஸ்டேஷன். மகளிர் ஸ்டேஷன் வேறு கட்டடம், பல நேரம் வேறு ஊர். பெட்டிஷன் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று எந்த இன்ஸ்பெக்டருக்கும் தோன்றாது. தோன்றினாலும், சமரசம் செய்து அனுப்பிய கேஸ் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு வர எந்த ஸ்டேஷனுக்குத்தான் ஆசை இருக்கும்? துறைமேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் இதை மூடி மறைக்க மாட்டேன். அந்த ரசீதுகளில் எச்சரிக்கை இருந்தது.

வைகைக்கரை வக்கீல்:

ஐயா, உங்கள் இந்தப் பதிவை அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன்.

இதோடு இன்னொரு காகிதமும் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பும்போது, நகலை அந்தப் பகுதி ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும் அனுப்ப வேண்டும். 9-வது பிரிவு. அடிபட்ட தேதி, காயம், மிரட்டல் எல்லாம் அந்தப் படிவத்தில் இருக்கும். ஒரு பெண் இறந்தால் முதல் நாளே எடுத்துப் பார்க்க வேண்டிய கட்டு அது. நான் பார்த்த 174 கட்டுகளில் அந்த நகல் இணைக்கப்பட்டதை நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

அதனால் நம் கோரிக்கையைக் குறுக்கிக்கொள்ளலாம். புதுச் சட்டம் வேண்டாம். கொலை, தற்கொலை, சந்தேக மரணம் எதுவானாலும் ஸ்டேஷனிலிருந்து போகும் மாதப் படிவத்தில் இரண்டு கட்டம் போதும். ஒன்று, எதிரி அல்லது சந்தேக நபர் செத்தவருக்கு என்ன உறவு. பிரிந்த கணவன், முன்னாள் காதலன், சேர்ந்து வாழ்ந்தவர் எல்லாம் பிரித்து. இரண்டு, செத்தவர் இதற்கு முன் எந்த ஸ்டேஷனிலாவது, 181-இலாவது, பாதுகாப்பு அலுவலரிடமாவது புகார் கொடுத்திருக்கிறாரா. இதில் ஏழு வருஷக் கணக்கு பார்க்கக் கூடாது. ஐ.நா.வின் போதைப்பொருள், குற்ற அலுவலகமும் பெண்கள் அமைப்பும் சேர்ந்து 2022-இல் கொண்டுவந்த புள்ளிவிவரச் சட்டகத்திலும் உறவும் முந்தைய வன்முறைப் பின்னணியும் இருக்கின்றன. எந்த நாடும் செய்யாததை நாம் கேட்கவில்லை.

நியாயம்_வேண்டும்:

இரண்டு கட்டத்துக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆணுக்கும் அதே படிவம் என்று கோரிக்கையில் தெளிவாக எழுதுங்கள்.

தரவுத்தேடி:

எழுதுகிறேன். அது நியாயம்.

படிவம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இருப்பதையே கேட்டு வாங்கலாம். ஒரு மாவட்டத்துக்கு ஆர்.டி.ஐ. போட்டுப் பார்க்கலாமா?

வைகைக்கரை வக்கீல்:

போடலாம், கேட்கும் விதம் முக்கியம். "குடும்ப வன்முறைக் கொலைகள் எத்தனை" என்று கேட்டால், "தாங்கள் கோரும் வடிவில் தகவல் பராமரிக்கப்படவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது உண்மையும்கூட. அதனால் இருக்கும் பதிவேட்டைக் கேளுங்கள். 2022 ஜனவரி முதல் டிசம்பர் வரை பதிந்த 174 வழக்குகளில் செத்தவர் பெண், வயது 18 முதல் 49 வரை: குற்ற எண், புகார்தாரர் செத்தவருக்கு என்ன உறவு, எஃப்.ஐ.ஆரில் சொன்ன காரணம், ஆர்.டி.ஓ. விசாரணை நடந்ததா, பிரிவு மாற்றப்பட்டதா, வழக்கின் தற்போதைய நிலை. பெயரை மறைத்துத் தரலாம் என்று நாமே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் அந்தரங்கம் என்று தட்டிக்கழிப்பார்கள். புலன் விசாரணையில் இருக்கும் வழக்கு வேண்டாம், முடித்துவைத்தவை போதும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டுக்கு மகளிர் ஸ்டேஷன்களில் போட்ட சி.எஸ்.ஆர். எத்தனை, அதில் சமரசம் எத்தனை, எஃப்.ஐ.ஆர். ஆனது எத்தனை என்று தனி மனு. இரண்டையும் ஒரே மனுவில் போடாதீர்கள், ஒன்றைச் சாக்கு வைத்து இன்னொன்றையும் நிறுத்திவிடுவார்கள்.

பழைய ரைட்டர்:

குற்ற எண்ணோடு "புகார்தாரர் உறவு" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் சூட்சுமம். கணவனே புகார்தாரர், காரணம் வயிற்று வலி, ஆர்.டி.ஓ. விசாரணை இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து வரும் வரிகளைத் தனியாக எடுங்கள். முதலில் மறுபடி பார்க்க வேண்டியவை அவைதான்.

இரவுப்பணி நர்ஸ்:

மருத்துவமனைக்கும் ஒரு மனு சேர்த்துக்கொள்ளுங்கள். தீக்காயத்தோடு வந்த பெண்களில் எத்தனை பேருக்கு மரண வாக்குமூலத்துக்காக மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் போனது என்று. கேஷுவால்டியிலிருந்து தகவல் போன நேரமும் அவர் வந்த நேரமும் பதிவில் இருக்கும். அந்த இடைவெளியைப் பார்த்தாலே பாதி புரியும்.

கொங்குமண்:

கோவைக்கு நான் போடுகிறேன். சிட்டிக்கும் ரூரலுக்கும் தனித்தனியாகப் போட வேண்டுமா?

வைகைக்கரை வக்கீல்:

ஆமாம். சிட்டிக்கு கமிஷனர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர், ரூரலுக்கு எஸ்.பி. அலுவலகம். ஒவ்வொரு மனுவிலும் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அவர்களுக்கு மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இங்கே போடுங்கள், முதல் மேல்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன். மதுரையும் தேனியும் என் பொறுப்பு.